செப்புக் கம்பியில் தைத்த தோணி

அடுப்பில் இருந்தது சோற்றுப் பானைதான். மூடியைத் திறந்தால் உள்ளே பலகை வெந்துகொண்டிருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு நறுக்கிய நான்கு பிளைவுட் துண்டுகள், கொதிக்கிற தண்ணீரில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன.

"மூடுடா. இன்னும் நாலு மணி நேரம் வேகணும்," என்று கூடத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது.

"எம் பானை போச்சு," என்றார் அத்தை, யாரிடமும் இல்லாமல்.

ஜெலாப்பாங்கில் நான் வந்து இறங்கி அரை மணி நேரம் ஆகியிருக்காது. கோலாலம்பூரிலிருந்து 3 மணி நேரப் பேருந்து, மேரு ராயாவில் அமான்ஜெயா நிலையம், அங்கிருந்து மாமாவின் பழைய வேன். ஈப்போ நகரின் வடமேற்கு ஓரம் இந்த ஊர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போய் வருகிறவர்களுக்கு ஜெலாப்பாங் என்றால் ரொம்ப காலம் ஒரு டோல் சாவடியின் பெயர். மெனோரா சுரங்கத்தைத் தாண்டி மலையிறக்கத்தில் வரும் லாரிகள் பிரேக் பிடிக்காமல் சாவடிக்கே வந்து மோதும்; 2009இல் சாவடியை எடுத்துவிட்டார்கள். மேற்கே கிளேடாங் மலை, கிழக்கே சுண்ணாம்புக் குன்றுகள், நடுவில் பிரிட்டிஷார் காலத்து அவசரநிலையில் உருவான புதுக்கிராமமும் அதைச் சுற்றி வளர்ந்த தாமான் குடியிருப்புகளும். கடல் பார்க்க வேண்டுமென்றால் 80 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். இந்த ஊரில்தான் என் தாய்மாமா கார் போர்ச்சில் படகு கட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு 67 வயது. லாரிப் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மரவேலை தெரியாது. "இரும்புன்னா தப்பா வெட்டிட்டாலும் வெல்டிங் அடிச்சு ஒட்டிடலாம். இது அப்படி இல்ல," என்று வந்ததிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டார். ஏன் படகு என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் எளிமையானது. பக்கத்திலிருக்கும் ஈயக்குட்டையில் எதிர்க்கரைப் புதருக்குள் விரால் கிடக்கிறது; அந்தக் கரைக்கு நடந்துபோக வழி இல்லை.

கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் இந்தக் குட்டைகள்தான். நூறு வருடத்துக்கும் மேலாக வெள்ளீயம் தோண்டிய குழிகளில் மழை நிரம்பி, ஒவ்வொன்றும் ஓர் ஏரிபோலக் கிடக்கிறது. 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை ஒரே நாளில் நொறுங்கிய பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின, குழிகள் மிஞ்சின. பார்க்கப் பச்சையும் நீலமுமாக அழகாக இருக்கும். கரையிலிருந்து இரண்டு எட்டு வைத்தால் கால் எட்டாத ஆழம். உயிர்ச்சட்டை இல்லாமல் படகில் ஏறக்கூடாது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் மாமாவும் அத்தையும் ஒத்துப்போனார்கள்.

பானை விவகாரத்துக்கு வருகிறேன். முதல் தடவை மாமா வாங்கிய பலகையைக் கடைக்காரர் 'கடல்தரம்' என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். ஒரு துண்டை வெட்டி ஊறப்போட்டால் அடுத்த வாரமே அடுக்கு அடுக்காகப் பிரிந்து, ஊறிய பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது. எந்தக் கடை என்று எழுத எனக்கு ஆசைதான், விட்டுவிடுகிறேன். பிளைவுட்டில் மரத்தைவிடப் பசைதான் முக்கியம். நல்ல பசை போட்ட பலகையை ஆய்வுக்கூடத்தில் 72 மணி நேரம் கொதிக்கவைத்துத் தேறியதா என்று பார்ப்பார்கள். மாமாவிடம் ஆய்வுக்கூடம் இல்லை, அத்தையின் பானை இருந்தது. அதனால் இரண்டாவது தடவை நான்கு கடைகளில் ஒவ்வொரு துண்டு கேட்டு வாங்கிவந்து, மூலையில் பேனாவால் எண் போட்டு, காலையிலிருந்து வேகவிட்டார். ராத்திரி எடுத்தபோது 1ஆம் எண்ணும் 4ஆம் எண்ணும் பிரிந்திருந்தன. 2 பரவாயில்லை. 3ஐக் கத்தி நுழைத்து நெம்பியும் பிரிக்க முடியவில்லை. 3ஆம் கடையில் 6 மில்லிமீட்டர் மெராந்திப் பலகை மூன்று, எட்டுக்கு நாலு அளவில். படகுக்கு வேண்டிய பலகை மொத்தமும் அவ்வளவுதான்.

மறுநாள் தரையில் பலகையைப் படுக்கப்போட்டுக் கோடு போட்டோம். மாமா விலைக்கு வாங்கிய வரைபடத்தில் படகே தெரியாது. ஐந்தாறு விசித்திரமான வடிவங்கள் மட்டும் இருக்கும்: ஒரு பக்கம் வளைந்து, மறுபக்கம் லேசாகக் குழிந்து, அங்கங்கே அளவு எண்கள். இதை எப்படி வளைத்தால் படகு வரும் என்று நானும் மாமாவும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, கையில் காப்பியோடு வந்த அத்தை எட்டிப் பார்த்தார்.

"இது ரவிக்கை வெட்டுதானே?"

முப்பது வருடம் வீட்டில் தையல் மெஷின் வைத்து அக்கம்பக்கம் முழுவதுக்கும் தைத்துக்கொடுத்தவர். "தட்டையான துணியில டாட் புடிச்சா மார்புக்குத் தூக்கி நிக்குதில்ல? இந்த ஓரத்தையும் அந்த ஓரத்தையும் சேத்து இழுத்தா தன்னால வளையும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

அந்த முறைக்குத் தைத்து ஒட்டுவது என்றே பெயர். பலகைகளின் ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளி, அரை அடிக்கு ஒன்றாகத் துளை போடவேண்டும். ஒரு பலகையின் துளையும் அடுத்ததன் துளையும் நேருக்கு நேர் வரவேண்டும். செப்புக் கம்பியை இரண்டிலும் நுழைத்து வெளியே முறுக்கவேண்டும். மாமா பழைய வீட்டு வயரை உரித்துக் கம்பி எடுத்துவைத்திருந்தார். முறுக்குவதில் அவருடைய பட்டறைக் கை உதவவில்லை. ஒரே முறுக்கில் இறுக்கினார், மெராந்தி கிழிந்தது. அத்தை குறடை வாங்கிக்கொண்டார். எல்லாக் கம்பியையும் முதலில் தளர்வாகக் கோத்து, பிறகு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறிக் கால் முறுக்கு, அரை முறுக்கு. சாயங்காலம் 4 மணிக்குத் தரையில் கிடந்த தட்டைப் பலகைகள் திடீரென்று மூச்சு இழுத்தாற்போல எழும்பி நின்றன. முன்னும் பின்னும் மொட்டையாக, அடி தட்டையாக, 8 அடி நீளத்தில் ஒரு படகு. உள்ளே ஒரு சட்டம்கூட இல்லை. நாய் வந்து சுற்றிலும் மோந்து பார்த்துவிட்டுப் போனது.

இந்த முறையை உலகம் முழுக்கப் பரப்பியது இங்கிலாந்தில் 1963இல் வந்த 'மிரர்' என்ற சின்னப் பாய்ப்படகு. டெய்லி மிரர் என்ற செய்தித்தாள், சம்பளக்காரனும் வாங்கக்கூடிய படகு வேண்டுமென்று தொடங்கிய வேலை. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், வீட்டைத் தானே செப்பனிடத் தொலைக்காட்சியில் கற்றுக்கொடுத்த பாரி பக்னெலும் சேர்ந்து உருவாக்கினார்கள். பலகை வெட்டிப் பெட்டியில் வரும், வீட்டில் செப்புக் கம்பியால் தைத்துக்கொள்ளவேண்டியது. 70,000க்கு மேல் கட்டிவிட்டார்கள். கார் கொட்டகையிலும் தோட்டத்திலும் படுக்கையறையிலும் கட்டி, வாசல் வழியாக வெளியே எடுக்க முடியாமல் ஜன்னலைப் பெயர்த்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று நான் தைரியமாக நம்புகிறேன்.

ஆனால் படகைத் தைப்பது வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததில்லை. சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன்னால் கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும்; கரையில் உடையும் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுபோனவை மசூலாப் படகுகள். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தவை, ஓர் ஆணி கிடையாது, உள்ளே விலாச்சட்டமும் கிடையாது. ஆணி அடித்த படகு அந்த அலையில் மோதினால் மூட்டு விட்டுப் போகும், தைத்தது நெளிந்துகொடுக்கும். கேரளத்துக் கெட்டுவள்ளமும் அப்படித்தான். தமிழில் வீட்டையும் கட்டுகிறோம், படகையும் கட்டுகிறோம் என்று சொல்கிறோமே, படகுக்கு அந்தச் சொல் உவமை இல்லை. கயிறு போட்டு உண்மையாகவே கட்டினார்கள். இந்தப் பக்கத்திலும் அதே கதை. பகாங்கில் பொந்தியான் ஆற்றுக்கருகே 1926இல் சேற்றிலிருந்து கிடைத்த படகு, பனைநாரால் பிணைத்துத் தைத்தது. அதன் வயது கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்கும் 5ஆம் நூற்றாண்டுக்கும் இடையில். 2025 மே மாதம் இந்தியக் கடற்படை கார்வாரில் தன் அணியில் சேர்த்துக்கொண்ட 'கௌண்டின்யா' பாய்க்கப்பலும் தென்னங்கயிற்றால் தைத்ததுதான், அஜந்தா ஓவியம் ஒன்றைப் பார்த்துக் கட்டியது.

இதை நான் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டு, "அப்ப உங்க அத்தைக்குக் கடற்படையில வேல கெடைக்கும்," என்றார்.

எங்கள் குடும்பம் தோட்டத்துக் குடும்பம். மாமா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு லயத்தில். தாத்தா சிறுபிள்ளையாக 1937இல் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறியவர். அடுத்த வருடமே இந்திய அரசு கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஒரு வருடம் தள்ளியிருந்தால் நாங்கள் யாரும் இங்கே இல்லை. நாகப்பட்டினத்திலும் கப்பல் கரைக்கு வராது. தோணியில்தான் ஏற்றிக் கொண்டுபோவார்கள். ஐயாயிரம் பேர் ஏறக்கூடிய ரஜுலாவைப் பற்றித் தாத்தா அதிகம் சொன்னதில்லை. அந்தத் தோணியைப் பற்றித்தான் சொல்வார்: அது ஆடிய ஆட்டம், அவருடைய அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டது, தண்டல் போட்ட சத்தம். பினாங்கில் இறங்கி, ஜெரேஜாக் தீவில் அடைத்துவைத்து நோய் பார்த்து, ரயிலேற்றிப் பேராக் காட்டுக்குள் கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு அவர் கடலைப் பார்க்கவே இல்லை என்று அம்மா சொல்வார்.

தண்டல் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். தூத்துக்குடித் தோணியில் மாலுமிகளை வைத்து வேலை வாங்குகிற தலைவன் தண்டல். மலாயாத் தோட்டத்தில் காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கு எடுத்து ஆளை வேலைக்கு அனுப்புகிறவனும் தண்டல். கடலைத் தாண்டி வந்தவர்கள் தோணியை அங்கேயே விட்டுவிட்டு, அதிகாரத்தை மட்டும் எடுத்துவந்திருக்கிறார்கள். கப்பல் என்ற நம் சொல்லை மலாய்க்காரர்கள் 'காப்பால்' என்று எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். சின்னப் படகுக்கு நாங்கள் இங்கே சொல்வது சம்பான். அது சீனர்கள் சொல், மூன்று பலகை என்று பொருள். மாமாவின் படகும் மூன்று பலகை.

மூன்றாம் நாள் மாமாவுக்கு ஒரு யோசனை வந்தது. படகின் அடியில் தேய்மானத்துக்கு இரண்டு நீளச் சட்டமும், நேராக ஓடுவதற்கு நடுவில் சின்ன ஏரா ஒன்றும் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் பழைய ரப்பர் மரக்கட்டை கிடந்தது. "நம்மள வளத்த மரம். அதுலயே போட்டுடுவோம்," என்றார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் சண்டை போட்டேன். ஹியூ லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1877இல் கோலகங்சாரில் நட்ட 9 ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அங்கிருந்து கிளம்பிய மரம்தான் எங்கள் ஆட்களைக் கப்பலேற்றியது என்பதெல்லாம் சரி. ஆனால் ரப்பர் மரம் தண்ணீருக்கு ஆகாது. வெட்டிய ஒன்றிரண்டு நாளில் பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். மாவுச்சத்து அவ்வளவு. பால் வற்றி 25, 30 வருடத்தில் வெட்டும் மரங்களை முன்பெல்லாம் விறகாகத்தான் எரித்தார்கள். வெட்டிய கையோடு போரான் உப்பில் ஊறவைத்து உலர்த்தும் முறை பரவிய பிறகுதான் அது மேசை நாற்காலியாக ஏற்றுமதியாகிறது. அந்த உப்பும் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும். இதையெல்லாம் சொல்லி முடித்ததும் மாமா கட்டையைத் திருப்பிப் பார்த்தார். அடியில் வண்டுத் துளை சல்லடையாக இருந்தது.

"அப்ப செங்கால்தான்," என்றார். படகுத் தச்சர்கள் நம்பும் கடின மரம் செங்கால்; அது வேண்டுமென்றால் பங்கோர் தீவு.

விடியற்காலை 6 மணிக்குக் கிளம்பினோம். மெங்லெம்பு, லாஹாட், பாப்பான், பூசிங். பாப்பானில் சிபில் கார்த்திகேசு ஜப்பானியர் காலத்தில் காட்டுப் போராளிகளுக்கு மருந்து கொடுத்த வீடு இருக்கிறது. வேனை நிறுத்தச் சொன்னால் மாமா நிறுத்தவில்லை. போத்தாவில் பேராக் ஆறு வந்தது. பாலத்தின் மேல் மட்டும் தானாகவே வேகத்தைக் குறைத்தார். தண்ணீர் பால் அதிகம் விட்ட தேநீர் நிறத்தில் அகலமாக, அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ரோடு வருவதற்கு முன்னால் இந்த மாநிலத்துக்கு ரோடே இந்த ஆறுதான். அதன் கரையில் பாசிர் சாலாக்கில்தான் 1875 நவம்பரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச்சை ஆற்றுக் குளியலறையில் வைத்துக் குத்திக் கொன்றார்கள். அவர் அங்கே வந்து உட்காரக் காரணமான ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்தது 1874 ஜனவரி 20 அன்று, பங்கோர் கடலில் 'புளூட்டோ' என்ற நீராவிக் கப்பலில். பேராக்கில் வெள்ளைக்காரன் காலூன்றியது, தோட்டம் வந்தது, நாங்கள் வந்தது எல்லாவற்றுக்கும் தொடக்கம் ஒரு கப்பல் தளத்தின் மேல்.

லூமுட்டில் கடற்படைத் தளம். இங்கே கட்ட ஒப்பந்தமான ஆறு போர்க்கப்பல்களின் கதை மலேசியாவில் எல்லோருக்கும் தெரியும்: 900 கோடி ரிங்கிட் திட்டம், 600 கோடிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூட வந்து சேரவில்லை என்று நாடாளுமன்றக் கணக்குக் குழு 2022 ஆகஸ்டில் அறிக்கை வைத்தது. படகுத்துறையில் டிக்கெட் வாங்கும்போது மாமா அந்தப் பக்கம் கையைக் காட்டி, "நான் மூணு வாரத்துல முடிச்சிடுவேன்," என்றார்.

படகு அரை மணிக்குச் சற்று மேல் ஓடுகிறது. முதலில் சுங்கை பினாங் கெச்சில், பிறகு பங்கோர் பட்டணம். இறங்கியதும் காய்ந்த நெத்திலி மணமும் இளஞ்சிவப்பு வேன் டாக்சிகளும். பத்திரகாளியம்மன் கோயிலில் ஒரு கும்பிடு. மாசிமகத்துக்குத் தீவே கொள்ளாத கூட்டம் வரும் கோயில், அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒரு பூனையும்தான். சுற்றுலாக்காரர்கள் மேற்குக் கரை மணலுக்குப் போனார்கள். நாங்கள் கிழக்குக் கரையில் கால்நட்டு நிற்கும் பட்டறைக்கு நடந்தோம்.

உள்ளே ஒரு மீன்பிடிப் படகு பாதி கட்டிய நிலையில் நின்றது. கீழே நின்று பார்த்தால் இரண்டு மாடி. செங்கால் பலகை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை கனம். காய்ந்த செங்காலே தண்ணீரில் ஏதோ போனால் போகிறதென்று மிதக்கும், அவ்வளவு அடர்த்தி. அதை வளைப்பதைப் பார்த்ததுதான் அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த காட்சி. நீளப் பலகையின் ஒரு முனையைத் தாங்கலில் இறுக்கி, நடுவுக்குக் கீழே சிறு தீ மூட்டி, மறுமுனையில் பாரம் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு பையன் ஈரத் துணியால் மேற்பக்கத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். தீ கீழே தின்ன, தண்ணீர் மேலே தடுக்க, பலகைக்குத் தெரியாமலே அது வளைந்துகொண்டிருந்தது. யாரும் அவசரப்படவில்லை. பலகைச் சந்துகளில் இன்னொருவர் நாரைத் திணித்து உளியும் சுத்தியலுமாகக் கலப்பத்து அடித்துக்கொண்டிருந்தார். டொக், டொக், ஒரே அளவில். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் இந்தச் சத்தத்தை அடையாளம் கண்டுகொள்ளலாம்.

தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், திரெங்கானுவின் டுயோங் தீவு மலாய்த் தச்சர்கள் வேறு மாதிரி. வரைபடம் கிடையாது, முதலில் பலகையைப் பலகையோடு மர ஆணியால் கோத்து வெளிக்கூட்டைச் சமைத்துக்கொண்டு, பிறகுதான் உள்ளே வங்குச் சட்டம் வைப்பார்கள். சந்தில் கெலாம் மரப்பட்டை. தோல் முதலில், எலும்பு பிறகு. மசூலாவும் அந்த வரிசைதான், எலும்பே இல்லாமல் நின்றுவிட்டது. அத்தை தைத்ததும் அதே வரிசை.

பட்டறைக்காரர் ஓர் அப்பேக், எழுபது தாண்டிய சீனப் பெரியவர். மலாயில் பேசினோம். எதற்குச் செங்கால் என்று கேட்டார். மாமா கைப்பேசியில் படத்தைக் காட்டினார். அப்பேக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கம்பி முறுக்குகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரித்தார். சட்டை தைத்த மாதிரி இருக்கிறதே என்றார். மனைவி தைத்தது என்றார் மாமா. அப்பேக் சிரிப்பை நிறுத்திவிட்டு மறுபடியும் படத்தைப் பார்த்தார். "நல்ல கை," என்றார். கழிவுக் குவியலில் தேடி, விரல் கனத்தில் அறுத்துத் தள்ளிய மூன்று சட்டங்களை எடுத்துக் கொடுத்தார். காப்பிக் காசு மட்டும் வாங்கிக்கொண்டார். வாசல்வரை வந்து, அந்த மரத்துக்கு வீட்டு ரம்பம் ஆகாது என்று எச்சரித்தார். அவர் சொன்னது சரி. அன்று ராத்திரியே மாமாவின் இரண்டு ரம்ப அலகுகள் போயின.

திரும்பும்போது சுற்றிக்கொண்டு, பத்து காஜா தாண்டித் தஞ்சோங் துவாலாங் சாலைக்கு வந்து, ஈயம் தோண்டிய பழைய மிதவை எந்திரத்தைப் பார்த்தோம். 1938இல் கட்டியது, 4,500 டன், 75 மீட்டர் நீள மிதவையின் மேல் மூன்று மாடிக் கட்டடம்போல் நிற்கிறது. முன்னால் வாளிச்சங்கிலியால் மண்ணைத் தோண்டும், ஈயத்தை அலசி எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பின்னால் கொட்டும். தனக்கு வேண்டிய குளத்தைத் தானே வெட்டிக்கொண்டு நகரும். 1982இல் நின்றுபோனது. மாமா அதைச் சுற்றிவந்து மூட்டுகளைத் தடவிப் பார்த்தார். "இது எல்லாம் ரிவிட்டு," என்றார், மரியாதையாக.

அடுத்த நாள் பசை. தைத்த மூட்டுகளின் உட்பக்கம் எபாக்சியில் மரத்தூள் குழைத்துக் கரண்டி முதுகால் வழித்துவிட்டு, காய்ந்ததும் கம்பியை உருவி, மேலே கண்ணாடி இழை நாடா ஒட்டவேண்டும். எபாக்சிக்கு இரண்டு பங்கு பிசினும் ஒரு பங்கு கெட்டிப்படுத்தியும். அளவெடுக்க மாமா கொண்டுவந்தவை மங்குகள். பால்மரத்தில் கட்டி வைக்கும் பீங்கான் கோப்பை. பாட்டி கடைசியாகப் பால் வெட்டிய வருடம் எடுத்துவந்து வைத்திருந்த மூன்று. அதில் ஒன்று நிறையக் கலந்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பூசலாம் என்று நினைத்தது தப்பு. ஈப்போவின் பகல் வெயிலில், ஆழமான பாத்திரத்தில், அந்தப் பசை தன் சூட்டில் தானே வேகும். நாங்கள் ரசத்துக்கு வருவதற்குள் மங்கிலிருந்து புகை. ஓடிப்போய்ப் பார்த்தால் தேன் நிறத்தில் கல்லாகிக் கிடந்தது. பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. பாட்டியின் மங்கு இப்போது காகிதம் பறக்காமல் வைக்கும் கல்லாக மாமா மேசையில் இருக்கிறது. மிச்சத்தை விடியற்காலையில், தட்டையான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து முடித்தோம்.

கம்பி உருவிய துளைகளை அடைப்பது என் வேலை. மொத்தம் நூற்றுக்கு மேல். ஒவ்வொன்றிலும் பல்குத்தும் குச்சியால் பசையைத் திணித்து, மறுபக்கம் எட்டிப் பார்க்கிறதா என்று விளக்கடித்துப் பார்க்கவேண்டும். முதல் ஐம்பதைப் பொறுப்பாகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

மாமா பள்ளிக்கூட நோட்டில் ஒரு கணக்கு வைத்திருந்தார். படகு 35 கிலோ, அவர் 78, நான் 70, தூண்டிலும் சாப்பாடும் 7; மொத்தம் 190. அதனால் 190 லிட்டர் தண்ணீரை ஒதுக்கவேண்டும். அடி நீரில் படியும் பரப்பு 1.4 சதுர மீட்டர் என்று கூரையளக்கும் நாடாவால் அளந்து, வகுத்துப் பார்த்தால் 13 சென்டிமீட்டருக்கும் 14க்கும் நடுவே. ஒரு சாணுக்குக் குறைவு. வெளிப்பக்கம் பென்சிலால் கோடு போட்டு, பெயின்ட் அடிக்கும்போதும் அந்தக் கோட்டை மறைக்காமல் விட்டார்.

நான் மறுபடி ஜெலாப்பாங் போனது மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை. படகுக்கு மஞ்சள் பூசியிருந்தார்கள். மூக்கில் சந்தனப் பொட்டு. வேன் கூரையில் கட்டிக்கொண்டு குட்டைக்குப் போனோம். அத்தை எலுமிச்சம்பழம் நறுக்கிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தார், கார் வாங்கினால் செய்வதுபோலவே. ஆளுக்கொரு முனை பிடித்து இறக்கினோம். தண்ணீரில் விட்டதும் அதற்குப் பாரமே இல்லாமல் போய்விட்டது. காற்றுக்குத் தன்பாட்டில் திரும்பிக்கொண்டது.

மாமா ஏறினார், நான் ஏறினேன். தண்ணீர் பென்சில் கோட்டைத் தொட்டு நின்றது. மாமா குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. துடுப்பைப் போட்டார். எதிர்க்கரைப் புதர் மெதுவாகக் கிட்டே வந்தது. கிளேடாங் மலை தண்ணீரில் தலைகீழாகக் கிடந்து, துடுப்பு பட்ட இடத்தில் கலைந்து கலைந்து சேர்ந்தது.

பாதித் தூரத்தில் என் குதிகால் ஈரமானது. குனிந்து பார்த்தால் இடதுபக்க மூட்டில், நாடா முடியும் இடத்துக்குச் சற்று மேலே, நூல் கனத்தில் தண்ணீர் எழும்பிக்கொண்டிருந்தது. வட்டமாக, சுத்தமாக, துளையிட்ட அளவுக்கு. மாமாவும் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் பைக்குள்ளிருந்து மிச்சமிருந்த மங்குகளில் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

கரையிலிருந்து அத்தைக்கு நாங்கள் குனிந்தது தெரிந்துவிட்டது.

"என்னாச்சு? தண்ணி வருதா?"

"கொஞ்சம்!" என்று கத்தினார் மாமா.

"தைச்ச எடமா, அடைச்ச எடமா?"

நான் மங்கு மங்காக மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன்.